மாடல் ரயில் ஓட்டத்த ரெக்கார்ட் பண்ணி திரும்ப ஓட வைக்கிறது எப்படி

தீபாவளி ஓப்பன் ஹவுஸ் அன்னிக்கு வீட்டுக்கு ஆளுங்க வந்துகிட்டே இருப்பாங்க, பிள்ளைங்க எல்லாம் நேரா லேஅவுட் (மாடல் ரயில் தண்டவாளம் போட்ட மேசை) இருக்கிற ரூமுக்குத்தான் ஓடும், நீங்களோ முறுக்குத் தட்டத் தூக்கிக்கிட்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகிட்டு இருப்பீங்க, அந்த நேரத்துல ரயில யாரு ஓட்டுறது? வட்டத்துல சும்மா சுத்த விடலாம், ஆனா கொஞ்ச நேரத்துல பிள்ளைங்களுக்கு சலிச்சிடும். ஸ்டேஷன்ல நிக்கணும், ஹார்ன் அடிக்கணும், மெதுவா கிளம்பணும், சைடிங்ல, அதாவது பக்கத்து ஒதுக்குத் தண்டவாளத்துல, பெட்டிய விட்டுட்டு எஞ்சின் மட்டும் திரும்பி வரணும், நீங்க கைல ஓட்டுற மாதிரியே இருக்கணும். நீங்க ஒரு தடவ அழகா ஓட்டினத கம்ப்யூட்டர் பிடிச்சு வச்சிக்கிட்டு அப்படியே திரும்ப ஓட்டும், அதுக்கு என்னென்ன பண்ணணும்னு ஒவ்வொரு படியா சொல்றேன்.

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் டவுன்ல இருக்கிறவங்களுக்கு ஹாபி கடைன்னு போய் நின்னு கேக்க பக்கத்துல இடம் கெடையாது, எல்லாம் ஆன்லைன்ல வாங்கி பார்சல்ல வர்றதுதான், அதனால வாங்குறதுக்கு முன்னாடியே விஷயம் தெரிஞ்சிருந்தா காசு மிச்சம்லா. டிசிசி (டிஜிட்டல் கட்டளையில ஓடுற முறை) எஞ்சின் ஒண்ணு வாங்கிட்டீங்க, கைல ஓட்டத் தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாதுன்னு வச்சிக்கிட்டு எழுதுறேன்.

முதல்ல, எது ரெக்கார்ட் ஆகுதுன்னு புரிஞ்சிக்கோங்க

பழைய மாடல் ரயில்ல தண்டவாளத்துல வோல்டேஜ் ஏத்தினா வண்டி வேகமா போகும், எறக்கினா நின்னுடும். டிசிசி அப்படி இல்ல. ஜெர்மனியில லென்ஸ் கம்பெனி உருவாக்கி, 1990கள்ல அமெரிக்காவோட மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ ஸ்டாண்டர்டா ஏத்துக்கிட்ட முறை இது. தண்டவாளத்துல எப்பவுமே முழு வோல்டேஜ் இருக்கும், அது ஒரு பக்கமும் இன்னொரு பக்கமுமா சட்டுசட்டுன்னு மாறிக்கிட்டே இருக்கும், அந்த மாறுற நேரத்துலதான் செய்தி ஒளிஞ்சிருக்கு. பாதி அலை 58 மைக்ரோசெகண்ட் இருந்தா அது 1, 100 மைக்ரோசெகண்டோ அதுக்கு மேலயோ இருந்தா 0. இந்த 1, 0 எல்லாம் சேர்ந்து "3ஆம் நம்பர் எஞ்சின், முன்னால போ, வேகம் 40"ன்னு ஒரு கட்டளையா போகும். எஞ்சினுக்குள்ள இருக்கிற டிகோடர் தன் நம்பருக்கு வந்த கட்டளைய மட்டும் எடுத்துக்கிட்டு மோட்டார ஓட்டும்.

அப்ப ரெக்கார்ட் ஆகுறது என்ன? உங்க கை கொடுத்த கட்டளைங்க, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல எத்தன செகண்ட் கேப், அவ்வளவுதான். எஞ்சின் எவ்வளவு தூரம் போச்சு, எங்க நின்னுச்சு, அதெல்லாம் எங்கயும் பதிவாகாது. ரீப்ளே பண்றப்ப கம்ப்யூட்டர் அதே கட்டளைகள அதே கேப்ல அனுப்பும், எஞ்சின் அதுக்கு அன்னிக்கு எப்படி பதில் சொல்லுதோ அதுதான் ஓட்டம். தண்டவாளம் அழுக்கா இருந்தா, மோட்டார் சூடாகாம இருந்தா, பெட்டி ரெண்டு கூட மாட்டியிருந்தா அதே கட்டளைக்கு வேற இடத்துலதான் போய் நிக்கும். புதுசா வர்றவங்க பெரும்பாலும் சாஃப்ட்வேர் சரியில்லன்னு நெனைச்சு அதையே நோண்டிக்கிட்டு இருப்பாங்க, ஆனா பாதிக்கு மேல வேலை தண்டவாளத்துலயும் டிகோடர்லயும்தான் இருக்கு, அத ரெக்கார்ட் பட்டன தொடுறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும்.

என்ன சாமான் வேணும்

டிகோடர் போட்ட எஞ்சின், கம்ப்யூட்டரோட பேசுற கமாண்ட் ஸ்டேஷன் (தண்டவாளத்துக்கு கட்டளைய அனுப்புற பெட்டி), ஒரு லேப்டாப், ரயில் எங்க இருக்குன்னு சொல்ற சென்சார் சிலது. கமாண்ட் ஸ்டேஷன் வாங்குறப்ப ஒண்ணே ஒண்ணு பாருங்க, யுஎஸ்பியோ நெட்வொர்க்கோ வழியா கம்ப்யூட்டர் மாட்ட முடியணும். ஸ்டார்ட்டர் செட்டோட வர்ற சில கைப்பிடி கண்ட்ரோலர்ல அந்த வழியே இருக்காது, அதுல ரெக்கார்டிங் நடக்காது. ரோக்கோவோட இசட்21, டிஜிட்ராக்ஸ், என்சிஇ, லென்ஸ் இதுங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் இணைப்பு உள்ள மாடல் இருக்கு. பட்ஜெட் கம்மின்னா டிசிசி இஎக்ஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டம் இருக்கு, ஆர்டுவினோ மெகாங்கிற குட்டி கண்ட்ரோல் போர்டு ஒண்ணு, அது மேல மாட்டுற மோட்டார் ஷீல்டு ஒண்ணு, ஒரு பவர் அடாப்டர், இத வச்சு நீங்களே கமாண்ட் ஸ்டேஷன் செஞ்சிடலாம். எலக்ட்ரானிக்ஸ்ல கொஞ்சம் ஆர்வம் இருக்கிற பையனோ பொண்ணோ வீட்டுல இருந்தா நான் இதத்தான் சொல்லுவேன், ஏன்னா செய்யறப்பவே உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிடும். அடாப்டர் மட்டும் சிரிம் தரச் சான்று ஸ்டிக்கர் ஒட்டினதா பாத்து வாங்குங்க, வீட்டுக் கரண்ட்ல மலிவு சாமான வச்சு வெளையாடக் கூடாது.

சாஃப்ட்வேருக்கு ஜேஎம்ஆர்ஐ போதும். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும், ராஸ்பெரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர் இருந்தா அதுலயும் ஓடும். கைபேசிய கண்ட்ரோலரா மாத்த ஆண்ட்ராய்டுல எஞ்சின் டிரைவர்னு ஆப், ஐபோன்ல வைத்ராட்டில்னு ஆப்.

தண்டவாளம் சுத்தம்

நம்ம ஊரு ஈரக் காத்துக்கு தண்டவாளம் சீக்கிரம் மங்கிடும், கருப்பா ஒரு படலம் படியும், அங்க கரண்ட் விட்டு விட்டு வரும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால நூல் பிரியாத துணியில நனைச்சு தொடைங்க. உப்புத்தாள் வச்சு தேய்க்காதீங்க, கீறல் விழும், கீறல்ல அழுக்கு இன்னும் நல்லா ஒட்டிக்கும். சக்கரத்த மறந்துடுறவங்க நெறைய பேர், அதுக்கு சுலபமான வழி இருக்கு: ஆல்கஹால்ல நனைச்ச டிஷ்யூவ தண்டவாளத்து மேல குறுக்க போட்டு, எஞ்சினோட முன்பக்கச் சக்கரங்க டிஷ்யூ மேலயும் பின்பக்கச் சக்கரங்க தண்டவாளத்துலயும் இருக்கிற மாதிரி பிடிச்சிக்கிட்டு மெதுவா ஓட்டுங்க, கருப்பு கருப்பா கோடு விழும், அப்புறம் திருப்பி வச்சு அடுத்த பக்கம். லேஅவுட்ட சாமி மேடைக்கு பக்கத்துல வைக்காம இருந்தா நல்லது, சாம்பிராணிப் புகையும் எண்ணெய் விளக்குப் புகையும் தண்டவாளத்துலதான் வந்து உக்காரும்.

டிகோடர் செட்டிங்

டிகோடருக்குள்ள செட்டிங் எல்லாம் நம்பர் போட்டு இருக்கும், அத சிவின்னு சொல்லுவாங்க. புது டிகோடர் எல்லாம் 3ஆம் நம்பர் எஞ்சினாத்தான் வரும், சிவி 1ல வேற நம்பர் கொடுத்துடுங்க, இல்லன்னா ரெண்டாவது எஞ்சின் வாங்குறப்ப ரெண்டும் ஒரே கட்டளைக்கு ஓடும். வேகப் படிகள 128க்கு வச்சிக்கோங்க, 28 படியில கிளம்புறப்ப குதிக்கிற மாதிரி தெரியும். சிவி 2 கிளம்புற வோல்டேஜ், சிவி 5 உச்ச வேகம். மாடல் எஞ்சின் அநேகமா எல்லாமே தேவைக்கு மேல வேகமாத்தான் வரும், சிவி 5அ எறக்கி வச்சா ஓட்டமும் நிஜமா தெரியும், கையில கண்ட்ரோலும் நுணுக்கமா கிடைக்கும்.

இப்ப முக்கியமான இடம், சிவி 3, சிவி 4. மூணு வேகம் எடுக்கிறதுக்கு, நாலு வேகம் கொறையுறதுக்கு. சிவி 3ல போடுற எண்ண 0.896 ஆல பெருக்கினா நின்ன எடத்துல இருந்து உச்ச வேகத்துக்குப் போக எத்தன செகண்ட்னு வரும், 10 போட்டா 9 செகண்ட் கிட்ட. ரெக்கார்டிங்க பொறுத்தவரைக்கும் இந்த ரெண்டையும் சின்ன எண்ணா வைங்கன்னுதான் நான் சொல்லுவேன், 2, 3, அந்த மாதிரி. பெரிய எண் வச்சா பாக்க அழகா இருக்கும், ஆனா நீங்க நிப்பாட்டுற கட்டளை கொடுத்ததுக்கு அப்புறமும் வண்டி பாட்டுக்கு உருண்டு போகும், எங்க நிக்கும்னு கணக்கு வைக்கிறது புதுசா ஓட்டுறவங்களுக்கு கஷ்டம். வேகம் மெதுவா ஏறுறத கைலயே படிப்படியா கொடுத்து ரெக்கார்ட் பண்ணிடலாம், பலன் அதேதான்.

பேக் இஎம்எஃப்னு ஒரு வசதி இப்ப வர்ற டிகோடர்ல பெரும்பாலும் இருக்கு. மோட்டார் சுத்துறப்ப அதுவே உண்டாக்குற வோல்டேஜ டிகோடர் அளந்து பாத்து, வேகம் கொறைஞ்சா கூட கொடுத்து, கூடினா கொறைச்சு, மேடு வந்தாலும் பெட்டி கூடினாலும் வேகத்த ஒரே மாதிரி வைக்கும். இது கட்டாயம் ஆன்ல இருக்கணும், இது இல்லாம ரீப்ளே ஒரு நாளும் ஒழுங்கா அமையாது. எந்த சிவியில இருக்குங்கிறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், டிகோடரோட வந்த தாள தூக்கிப் போடாம வைங்க.

எல்லா சிவியும் ஒரு நோட்டுல எழுதிடுங்க, ஜேஎம்ஆர்ஐயோட டிகோடர்ப்ரோவுல சேவ் பண்ணியும் வைங்க. ரெக்கார்ட் பண்ணதுக்கு அப்புறம் இந்த எண்கள்ல ஒண்ண மாத்தினாக்கூட பழைய ரெக்கார்டிங் எதுவும் பொருந்தாது.

சென்சார் இல்லாம ஏன் முடியாது

சுத்தம், செட்டிங் எல்லாம் சரியா இருந்தாலும் ஒவ்வொரு சுத்துலயும் சின்னதா ஒரு பிசிறு இருக்கும், ஒரு சுத்துக்கு ஒரு சென்டிமீட்டர்னு வைங்க, இருபது சுத்துல இருபது சென்டிமீட்டர், ஸ்டேஷன்ல நிக்க வேண்டிய வண்டி பிளாட்ஃபார்ம் தாண்டிப் போய் நிக்கும். நேரத்த மட்டும் நம்பினா பிழை சேர்ந்துகிட்டே போகும். நடுநடுவுல "இப்ப வண்டி இந்த இடத்துக்கு வந்துடுச்சு"ன்னு கம்ப்யூட்டருக்கு சொல்ல ஒரு ஆள் வேணும், அதுதான் சென்சார். நடவு நடுறப்ப நாத்த வரிசையா வைக்க கயிறு கட்டுறோம் இல்லியா, அந்தக் கயிறு வேலைய இது பாக்கும்.

மூணு வகை இருக்கு. ரீட் சுவிட்ச்: தண்டவாளத்துக்கு அடியில கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு சின்ன சுவிட்ச், எஞ்சினுக்கு அடியில குட்டி காந்தம், எஞ்சின் மேல வர்றப்ப சுவிட்ச் மூடும். விலை கொறைவு, இடம் துல்லியமா தெரியும். இன்ஃப்ராரெட்: காந்தம் ஒட்ட வேண்டாம், எந்த வண்டி வந்தாலும் தெரியும், ஆனா ஜன்னல் வழியா சாயங்கால வெயில் நேரா விழுந்தா வண்டி இல்லாமலே வந்துடுச்சுன்னு சொல்லிடும், திரை போட்டுக்கோங்க. கரண்ட் டிடெக்ஷன்: தண்டவாளத்த துண்டு துண்டா பிரிச்சு, எந்தத் துண்டுல கரண்ட் இழுக்குதோ அங்க வண்டி இருக்குன்னு கண்டுபிடிக்கும். இதுல எஞ்சின் தெரியும், லைட் போட்ட பெட்டி தெரியும், வெறும் பெட்டி தெரியாது, அதுக்கு சக்கர அச்சுல 10 கிலோ ஓம் மாதிரி ஒரு ரெசிஸ்டர் வைக்கணும்.

எத வாங்குறதுங்கிறது கீழ சொல்ற ரெண்டு வழியில எதுல போறீங்கங்கிறதப் பொறுத்தது, அதனால படிச்சிட்டு வாங்குங்க.

வழி ஒண்ணு: ஜேஎம்ஆர்ஐ வாரண்ட்

நெசமாவே கையால ஓட்டி அத ரெக்கார்ட் பண்ணணும்னா இதுதான் வழி. ஜேஎம்ஆர்ஐல வாரண்ட்னு ஒரு பகுதி, ஒரு வண்டி எங்க இருந்து எங்க எந்த வழியா போகலாம்னு கொடுக்கிற அனுமதி. அதுக்கு முதல்ல லேஅவுட்ட பிளாக் பிளாக்கா பிரிச்சு ஓபிளாக் டேபிள்ல எழுதணும், ஒரு பிளாக்ல இருந்து அடுத்ததுக்குப் போற எல்லைய போர்ட்டல்னு சொல்லுவாங்க, அதையும் கொடுக்கணும். ஆரம்பத்துல இது கொஞ்சம் பொறுமைய சோதிக்கிற வேலைதான், மூணு நாலு பிளாக்கோட மட்டும் ஆரம்பிங்க, முழு லேஅவுட்டையும் ஒரே நாள்ல எழுத உக்காராதீங்க. வண்டி பிளாக்ல இருக்கிற நேரம் முழுக்க "இருக்கு"ன்னு சொல்லணும்ங்கிறதால இந்த வழிக்கு கரண்ட் டிடெக்ஷன்தான் பொருத்தம், ஒரு நொடி மட்டும் தட்டிட்டு விடுற ரீட் சுவிட்ச் ஒத்து வராது.

அப்புறம் கிளம்புற பிளாக், போய்ச் சேர்ற பிளாக் ரெண்டும் கொடுத்து வழிய கண்டுபிடிக்கச் சொல்லுங்க, எஞ்சின் நம்பர கொடுங்க, ரெக்கார்ட் பண்ற முறைக்குப் போய் அங்க திறக்கிற த்ராட்டில்ல (ஸ்கிரீன்ல வர்ற வேகக் கண்ட்ரோலர்) இருந்தே ஓட்டுங்க. முடிஞ்சதும் நிறுத்தி சேவ் பண்ணிட்டு, பிளாக், வாரண்ட் எல்லாம் இருக்கிற பேனல் ஃபைலையும் சேவ் பண்ணணும், அத விட்டுட்டா ஜேஎம்ஆர்ஐ மூடுறப்ப எல்லாம் போயிடும். பட்டியல திறந்து பாத்தா ஒவ்வொரு கட்டளையும், அதுக்கு முன்னாடி இருந்த நேரமும், எந்த பிளாக்ல நடந்ததுங்கிறதும் வரிசையா இருக்கும், கையால திருத்தவும் முடியும். ரீப்ளேல வண்டி அடுத்த பிளாக்குக்குள்ள நுழையுற வரைக்கும் அந்த பிளாக்குக்கான கட்டளைங்க காத்திருக்கும். சேர்ந்த பிழை ஒவ்வொரு எல்லையிலயும் அழிஞ்சிடுது, அதனாலதான் இந்த வழி மேல எனக்கு இவ்வளவு நம்பிக்கை.

ஓட்டுறப்ப சில விஷயம். எஞ்சின பத்து பதினஞ்சு நிமிஷம் ரெண்டு பக்கமும் ஓட விட்டு சூடாக்கிட்டு ஆரம்பிங்க. கிளம்புற இடத்த தண்டவாளத்துப் பக்கத்துல ஒரு கோடு போட்டு குறிச்சிக்கோங்க. வேகத்த மாத்துறப்ப ஸ்லைடர இழுக்காம பட்டன் தட்டி மாத்துங்க, இழுத்தா நடுவுல கடந்து போற ஒவ்வொரு எண்ணும் கட்டளையா பதிவாகி பட்டியல் நீண்டுடும். நிக்க வேண்டிய இடத்துக்கு கொஞ்சம் முன்னாடியே ஊர்ந்து போற வேகத்துக்கு வந்துடுங்க, ஊர்ந்து வந்து நின்னா பிசகு மில்லிமீட்டர் கணக்குல இருக்கும், வேகமா வந்து நின்னா சென்டிமீட்டர்ல போகும். ஹார்ன் அடிச்சா விட்டதும் பதிவாகணும், அழுத்தினது மட்டும் பதிவாகி விட்டது பதிவாகலன்னா ரீப்ளேல ஹார்ன் ஊதிக்கிட்டே இருக்கும், பட்டியல்ல ரெண்டு வரியும் இருக்கான்னு பாருங்க.

ஓட்டம் நிஜமா தெரியணும்னா ஒரு நாள் சாயங்காலம் சுங்கை சிப்புட் ஸ்டேஷன்ல போய் கைபேசி ஸ்டாப்வாட்சோட நில்லுங்க. இடிஎஸ் மின்சார ரயில் வந்து நின்னு கதவு திறந்து மூடி கிளம்ப எவ்வளவு நேரம், சரக்கு வண்டி கடந்து போக எவ்வளவு நேரம், ஹார்ன் எங்க அடிக்கிறாங்க, எழுதிக்கிட்டு வாங்க. நாம வீட்டுல ஓட்டுறப்ப நிக்கிற நேரத்த எப்பவும் கொறைச்சுத்தான் வைக்கிறோம், பாக்கிறவங்களுக்கு அது உடனே தெரிஞ்சிடும்.

வழி ரெண்டு: டிசிசி இஎக்ஸ்ல எழுதுறது

போய் வர்ற வண்டிக்கு, அதாவது இங்க இருந்து அங்க, அங்க இருந்து இங்கன்னு ஓடுறதுக்கு, ரெக்கார்டிங்க விட எழுதிடுறது சுலபம். டிசிசி இஎக்ஸ்ல இஎக்ஸ்ரெயில்னு ஒரு பகுதி இருக்கு, கட்டளைகள வரிசையா எழுதி ஆர்டுவினோவுலயே ஏத்திடலாம், அதுக்கப்புறம் லேப்டாப்பே வேண்டாம்.

நம்ம சுத்துவட்டாரத்துல கித்தா (ரப்பர்) போய் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து வருஷக்கணக்காச்சு, அதனால செம்பனை மில் ஒண்ண உதாரணமா எடுத்துக்கிறேன். பழக்குலை ஏத்தின இரும்புக் கூண்டுங்க தண்டவாளத்துல நகர்ந்து, நீராவியில வேக வைக்கிற பெரிய உருளைக்குள்ள போகும், வெந்ததும் வெளிய வரும். குட்டி எஞ்சினும் நாலு கூண்டும் வச்சு ஒரு பலகை நீளத்துல இத செஞ்சிடலாம். கூண்டு ஏத்துற இடத்துல ஒரு ரீட் சுவிட்ச், உருளைக்குப் பக்கத்துல ஒண்ணு. முதல்ல கைல ஓட்டிப் பாத்து எந்த வேகம் கண்ணுக்கு சரியா இருக்குன்னு எழுதிக்கோங்க. அப்புறம் கட்டளை இப்படிப் போகும்: வேகம் 25ல முன்னால போ, ரெண்டாவது சென்சார் தட்டுற வரைக்கும் காத்திரு, நில்லு, 15 செகண்ட் இரு, வேகம் 25ல பின்னால வா, முதல் சென்சார் தட்டுற வரைக்கும் காத்திரு, நில்லு, கொஞ்சம் இரு, திரும்ப முதல்ல இருந்து. நேரம் மில்லிசெகண்ட்ல கொடுக்கணும், 15 செகண்ட்னா 15000. சென்சார் தட்டினதுக்கு அப்புறமும் வண்டி கொஞ்சம் உருளும், அதனால சென்சார நிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு விரல்கடை முன்னாடி வைங்க. எழுதினத மாத்தினா மறுபடி ஆர்டுவினோவுல ஏத்தணும், அது ஒண்ணுதான் இதுல சிரமம்.

ரீப்ளே தப்பினா காரணம் கண்டுபிடிக்கிறது

முதல் ரீப்ளேக்கு எமர்ஜென்சி ஸ்டாப் மேல கை வச்சிக்கிட்டே நில்லுங்க. வண்டி நின்ன இடத்துல பென்சில் கோடு, திரும்ப ஓட்டி திரும்ப கோடு, இப்படி சில தடவ செஞ்சா கோடுங்களே காரணத்த சொல்லிடும். கோடு ஒரே பக்கமா தள்ளிக்கிட்டே போனா முன்னால போற வேகமும் பின்னால வர்ற வேகமும் ஒண்ணா இல்லன்னு அர்த்தம், சிவி 66 முன்னாலுக்கு, சிவி 95 பின்னாலுக்கு, இதுல கூட்டிக் கொறைச்சு சமமாக்கலாம், எல்லா டிகோடர்லயும் இந்த ரெண்டும் இருக்காது, தாள்ல பாத்துக்கோங்க. கோடு அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு சிதறினா அழுக்குதான், தண்டவாளத்தையும் சக்கரத்தையும் மறுபடி தொடைங்க. முதல் ரெண்டு கோடு மட்டும் பின்னால இருந்து மத்தது எல்லாம் சேர்ந்து இருந்தா மோட்டார் சூடாகல. பிளாக் எல்லையில நின்னு நகரவே இல்லன்னா கட்டளை சென்சாருக்காக காத்துக்கிட்டு இருக்கு, ஒயர பாருங்க.

ரெண்டாவது வண்டி

முதல் வண்டி நம்பிக்கையா ஓடுனதுக்கு அப்புறம்தான் இது. முதல் வண்டிய ரீப்ளேல விட்டுட்டு ரெண்டாவத நீங்க கைல ஓட்டி அதையும் ரெக்கார்ட் பண்ணுங்க, அப்புறம் ரெண்டையும் சேர்த்து விடலாம். வாரண்ட்ல ஒரு வண்டி பிடிச்சு வச்சிருக்கிற பிளாக்குக்குள்ள இன்னொண்ணு நுழையாம காத்திருக்கும், இஎக்ஸ்ரெயில்ல பிளாக்க முன்பதிவு பண்ற கட்டளைய நீங்களேதான் எழுதணும், எழுதலன்னா மோதிக்கும். பாயிண்ட் (வண்டிய வேற தண்டவாளத்துக்குத் திருப்புற இடம்) மாத்துற கட்டளைய வண்டி வர்றதுக்கு நல்லா முன்னாடியே கொடுங்க, ரெண்டு மூணு பாயிண்ட் இருந்தா ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு செகண்டாவது விடுங்க, கெபாசிட்டர் வச்ச பாயிண்ட் மோட்டாருக்கு மறுபடி சார்ஜ் ஏற நேரம் வேணும்.

மத்தியானத்துக்கு மேல இடி மழை வந்தா பிளக்க உருவிடுங்க. கரண்ட் போயிட்டா லேப்டாப் பேட்டரியில ஓடிக்கிட்டே இருக்கும், வண்டி நின்னுடும், கம்ப்யூட்டர் மட்டும் வண்டி ஓடுதுன்னு நெனைச்சு கட்டளைய அனுப்பிக்கிட்டு இருக்கும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்துல இருந்து தொடராதீங்க, ரீப்ளேவ நிறுத்தி, வண்டிய கையால தூக்கி கோடு போட்ட இடத்துல வச்சு, முதல்ல இருந்து ஆரம்பிங்க. ஃபைலுக்கு பேர் வைக்கிறப்ப எஞ்சின் நம்பர், எத்தன பெட்டி, தேதி மூணும் சேர்த்து வைங்க, ஒரு காப்பி பென்டிரைவ்ல போட்டு சிவி எழுதின நோட்டோடவே வச்சிடுங்க. ஓப்பன் ஹவுஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு தடவ முழுசா ஓட்டிப் பாருங்க, அன்னிக்கு காலையில தண்டவாளம் தொடைக்கிற வேலைய பிள்ளைங்க கிட்ட கொடுத்துடுங்க.